அலறலைக் கேட்ட சீமாட்டி

செல்வம் ஒரு காவல் என்பது உலகோரின் பொதுவான துணிபு. உயர்ந்த மதில், பூட்டிய வாயில், ஏவிய பணி செய்ய ஆட்கள், அழைத்த குரலுக்கு ஓடிவரும் மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய இவையெல்லாம் உள்ள ஓர் இல்லத்தரசிக்கு அச்சம் ஏது என்றே எவரும் எண்ணுவர். ஆயின் சென்ற நூற்றாண்டின் மேலைநாட்டு அச்சக் கதைகளைப் புரட்டிப் பார்க்கும்போது, அவற்றுள் மீண்டும் மீண்டும் வேட்டையாடப்படுபவள் அந்தச் செல்வச் சீமாட்டியாகவே இருப்பதைக் காண்கிறோம். இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஒரு சிறிய தொலைக்காட்சிப் படத்தை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

1972-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி ‘தி ஸ்க்ரீமிங் உமன்’ என்னும் படத்தை ஒளிபரப்பிற்று. ‘அலறும் பெண்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இயக்கியவர் ஜாக் ஸ்மைட். தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர், அப்போது 55 வயது நிரம்பியிருந்த புகழ்மிக்க நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட்.

கதை மிகவும் எளியது. லாரா வைனன்ட் என்னும் செல்வப் பெண்மணி மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தம் பரந்த பண்ணை இல்லத்திற்குத் திரும்புகிறார். ஒருநாள் தோட்டத்தில் உலவிக்கொண்டிருக்கையில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. எவளோ ஒருத்தி உயிரோடு புதைக்கப்பட்டிருக்கிறாள்! தோண்டி மீட்கலாமெனில் லாராவின் கைகள் மூட்டுவாதத்தால் முடங்கியவை. ஓடிச்சென்று உரைக்கிறார், ஒருவரும் நம்பவில்லை. “மீண்டும் மனம் பேதலித்துவிட்டது” என்பதே அனைவரின் தீர்ப்பு. குடும்பத்தாருக்கோ இது நல்ல வாய்ப்பு. அவர் சித்த சுவாதீனம் அற்றவர் என்று நிலைநாட்டிவிட்டால் சொத்தின் ஆட்சி தங்கள் கைக்கு வந்துவிடும். இதற்கிடையில், புதைக்கப்பட்டவளின் கணவனாகிய அக்கொடியவன் அந்த வட்டாரத்திலேயே உலவுகிறான். உதவி வேண்டி அலையும் லாராவின்மீது அவன் கண்ணும் விழுகிறது.

இக்கதையில் இரு பெண்கள் அலறுகின்றனர் என்பதை வாசகர்கள் கருத வேண்டும். ஒருத்தி மண்ணுக்கடியில் அலறுகிறாள். மற்றொருத்தி மண்ணுக்கு மேலே, வெட்ட வெளிச்சத்தில், மனிதர் நடுவே அலறுகிறாள். முன்னவளின் குரலையாவது கேட்க ஒருவர் இருந்தார். பின்னவளின் குரலைக் கேட்க எவரும் இல்லை.

சிறுமி சீமாட்டியான வரலாறு

இப்படத்தின் மூலக்கதை ரே பிராட்பரி என்னும் அமெரிக்க எழுத்தாளருடையது. ‘சஸ்பென்ஸ்’ என்ற வானொலித் தொடரில் 1948-இல் நாடகமாக ஒலித்துப் பின்னர் 1951-இல் சிறுகதையாக அச்சேறியது. அம்மூலக்கதையில் அலறலைக் கேட்பவள் செல்வச் சீமாட்டி அல்லள். பத்து வயதுச் சிறுமி. அவள் தந்தையிடம் சொல்கிறாள். “குழந்தையின் கற்பனை” என்று தள்ளிவிடுகிறார். 1986-இல் பிராட்பரியின் கதைகளைக் கொண்டு அமைந்த வேறொரு தொலைக்காட்சித் தொடரிலும் சிறுமியே வருகிறாள். அவ்வேடத்தை ஏற்றவர் ட்ரூ பாரிமோர்.

1972-ஆம் ஆண்டுப் படம் மட்டும் பத்து வயதுச் சிறுமியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஒரு பணக்கார மூதாட்டியை வைத்தது. இருவர்க்கும் என்ன பொருத்தம்? வயதில் இல்லை, வாழ்க்கையில் இல்லை, உடைமையில் இல்லை. ஒரே ஒரு பொருத்தந்தான் உண்டு. இருவர் சொல்லும் சபையேறாது. குழந்தையின் வாக்குக்கு எவ்வளவு மதிப்போ, நோயுற்று மீண்ட பெண்ணின் வாக்குக்கும் அவ்வளவே மதிப்பு. எத்தனை ஏக்கர் நிலம் அவள் பெயரில் இருந்தாலும் இந்த மதிப்பில் ஓர் அணுவும் கூடுவதில்லை. திரைக்கதை எழுதியவர் இதனை உணர்ந்து செய்தாரோ, வயது முதிர்ந்த ஒரு நட்சத்திரத்திற்கு வேடம் வேண்டுமென்று செய்தாரோ, எவ்வாறாயினும் இம்மாற்றம் கதைக்கு ஒரு கூர்மையைத் தந்துவிட்டது.

நடிகையைத் தேர்ந்ததிலும் ஒரு நயம் இருந்தது. ஒலிவியா டி ஹாவிலண்ட் 1948-இல் ‘தி ஸ்னேக் பிட்’ என்ற படத்தில் மனநோய் விடுதியில் அடைபட்ட பெண்ணாக நடித்தவர். மறு ஆண்டே ‘தி ஏரெஸ்’ என்ற படத்தில், பணத்திற்காகக் காதல் நடிக்கப்பட்டு ஏமாற்றப்படும் செல்வ மகளாக நடித்து ஆஸ்கார் பரிசு பெற்றவர். அவ்விரு வேடங்களும் முன்னைய பார்வையாளர் நினைவில் இருந்தன. செல்வமகள், மனநோயாளி ஆகிய இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து 1972-இல் லாரா வைனன்ட் ஆயிற்று எனலாம். அவருடைய வழக்கறிஞராக இப்படத்தில் தோன்றுபவர் ஜோசப் காட்டன். இவர் யாரென்பதை அறிய நாம் இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வாயு விளக்கும் தொலைபேசியும்

சொத்துடைய பெண்ணைப் பைத்தியம் என்று சொல்லிச் சொத்தைக் கவரும் கதை இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. 1859-60 ஆண்டுகளில் தொடராக வெளிவந்த வில்கி காலின்ஸின் ‘வெண்ணுடைப் பெண்’ என்னும் நாவலில், ஒரு செல்வமகள் வேறொருத்தியின் பெயரால் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்படுகிறாள். அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தின்படி, தனி ஏற்பாடு செய்யப்படாத மனைவியின் உடைமை பெரும்பாலும் கணவனின் ஆட்சிக்கே சென்றுவிடும். மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழு உரிமையோடு வைத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. கணவனுக்குத் தானாகக் கிடைத்து வந்த சொத்து அதன்பின் தானாகக் கிடைக்காமற்போயிற்று. ஆகவே கதைகளில் வரும் கயவர்கள் வேறு வழி தேடலாயினர்.

1938-இல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதி லண்டனில் மேடையேறிய ‘கேஸ் லைட்’ நாடகம் அவ்வழியைக் காட்டுகிறது. மறைத்து வைக்கப்பட்ட ஆபரணங்களைத் தேடும் கணவன், தன் மனைவி தன் கண்ணையும் காதையுமே ஐயுறும்படி செய்கிறான். அவன் இரவில் மேல்மாடியில் விளக்கேற்றித் தேடும்போது கீழே அவள் அறையின் வாயு விளக்கு மங்குகிறது. “விளக்கு மங்குகிறதே” என்றால் “உனக்குப் பித்து” என்பதே விடை. 1944-இல் வெளிவந்த இதன் அமெரிக்கத் திரைவடிவில் மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மன் ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்படத்தில் அவள் சொல்லை நம்பி, “விளக்கு மங்குவது மெய்தான்; நானும் கண்டேன்” என்னும் பொருள்பட உரைத்து அவளைக் காக்கும் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியாக வந்தவரே நாம் மேலே குறித்த ஜோசப் காட்டன். நம்பும் ஒரு மனிதன் கிடைத்தவுடன் பித்து நீங்குகிறது. கயவன் கட்டுண்டு கிடக்கிறான். இந்நாடகத்தின் பெயரே பின்னர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் ஆயிற்று. 2022-ஆம் ஆண்டின் சொல்லாக அதனை மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் தேர்ந்தனர்.

வாயு விளக்கு போய்த் தொலைபேசி வந்தது. 1943-ஆம் ஆண்டு மே 25-இல், முன்பு குறித்த அதே ‘சஸ்பென்ஸ்’ வானொலித் தொடரில் லூசில் ஃப்ளெட்சர் என்னும் பெண் எழுத்தாளரின் ‘சாரி, ராங் நம்பர்’ ஒலிபரப்பாயிற்று. நோய்ப் படுக்கையில் தனித்திருக்கும் ஒரு மாது தொலைபேசியை எடுக்கிறாள். கம்பிகள் பின்னிக்கொண்டதால் இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. தொலைபேசி நிலையத்தாரிடம் முறையிடுகிறாள், காவல்துறையிடம் கெஞ்சுகிறாள். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கொல்லப்படவிருப்பவள் தானே என்று அவள் உணரும்போது காலம் கடந்துவிடுகிறது. ஏறத்தாழ அரைமணி நேரம் ஆக்னஸ் மூர்ஹெட் என்ற நடிகையின் குரலே நாடகத்தைத் தாங்கியது. 1948-இல் இது திரைப்படமானபோது அம்மாது பெரும் மருந்து நிறுவன முதலாளியின் மகளாகவும், கொலைக்கு ஏற்பாடு செய்தவன் கணவனாகவும் விரித்துரைக்கப்பட்டது. பார்பரா ஸ்டான்விக் அவ்வேடத்தில் நடித்தார். 1989-இல் தொலைக்காட்சிப் படமாகவும் இது மீண்டும் வந்தது.

1960-இல் வந்த ‘மிட்நைட் லேஸ்’ படத்திலும் இதே போக்கைக் காணலாம். லண்டனில் வாழவந்த அமெரிக்கச் செல்வமகளாக டோரிஸ் டே நடித்தார். பனிமூட்டத்தில் ஒரு குரல் அவளைக் கொல்வதாக மிரட்டுகிறது. பின்பு தொலைபேசியிலும் அதே குரல். காவல் அதிகாரியோ, கணவனின் கவனத்தைக் கவர அவளே புனைந்து சொல்கிறாள் என்று ஐயுறுகிறார். முடிவில் பணத்திற்காக இத்தனையும் செய்தவன் கணவனே என்று தெளிகிறது. இதுவும் 1981-இல் தொலைக்காட்சிப் படமாக மறுவடிவம் பெற்றது.

தொலைக்காட்சி ஏன் இவளைத் தேர்ந்தது?

திரையரங்குக்காக அன்றித் தொலைக்காட்சிக்கென்றே முழுநீளப் படம் எடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1964-இல் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் 7-இல் என்.பி.சி. ஒளிபரப்பிய ‘சீ ஹவ் தே ரன்’ அவ்வகையில் முதலாவது என்பர். தந்தையை இழந்த பெண்பிள்ளைகளைக் கொலைகாரர் துரத்துவதே அதன் கதை. இக்கலை பிறந்ததே துரத்தப்படும் பெண்களோடுதான் என்று சொல்லிவிடலாம். 1969 செப்டம்பர் முதல் ஏ.பி.சி. நிலையம் வாரம் ஒரு படம் என்ற திட்டத்தைத் தொடங்கி 1975 வரை நடத்தியது. ஒன்றரை மணி நேர இடம். விளம்பரங்கள் போக ஏறத்தாழ 73 நிமிடம் கதைக்குக் கிட்டும்.

இச்சிறு எல்லைக்குள் கதை சொல்ல விழைந்தோர்க்குச் செல்வப் பெண்ணின் தனி மாளிகை பெரிதும் கைகொடுத்தது. ஒரே வீடு, ஒரே இரவு, ஒரு தொலைபேசி, நாலைந்து மனிதர். செலவு குறைவு, சில நாட்களில் எடுத்து முடிக்கலாம். விளம்பரம் வரும் ஒவ்வோர் இடைவேளைக்கும் முன்னர்த் தொலைபேசி ஒருமுறை மணியடித்தால் போதும், பார்ப்போர் எழுந்து செல்லார். திரையரங்குப் படங்களில் முன்போல் தலைமை வேடம் கிட்டாத முதிய நடிகையர் பலரும் இங்கே மதிப்புடன் வரவேற்கப்பட்டனர்.

மற்றொரு காரணமும் உண்டு, அதுவே ஆழமானது. திரையரங்கில் அச்சக் கதையைக் காண்பவர் ஊரார் நடுவே அமர்ந்து காண்கின்றார். தொலைக்காட்சியைக் காண்பவரோ தம் வீட்டுக் கூடத்தில், பல வேளைகளில் தனித்தே இருக்கிறார். திரையிலும் ஒரு கூடம். காண்பவர் முன்னும் ஒரு கூடம். திரையிலும் ஒரு தொலைபேசி. காண்பவர் கையருகேயும் ஒரு தொலைபேசி. மாளிகை பெரிதாயினும் அச்சம் ஒன்றே. ஓட்டு வீட்டில் இருந்தவளும் அம்மாளிகைக்குள் தன்னைக் கண்டாள்.

1978 நவம்பர் 29-இல் என்.பி.சி. ஒளிபரப்பிய ‘சம்வன்ஸ் வாட்சிங் மீ’ இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. ஜான் கார்பென்டர் எழுதி இயக்கியது. லாரன் ஹட்டன் நடித்த இதன் தலைவி தலைமுறைச் செல்வத்துக்குரியவள் அல்லள். தொலைக்காட்சித் துறையில் உழைத்துப் பொருளீட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வசதிமிக்க அடுக்குமாடியொன்றில் தனித்து வாழ்பவள். எதிர் மாடியிலிருந்து ஒருவன் தொலைநோக்கி கொண்டு அவளைக் கண்காணிக்கிறான், தொலைபேசியில் பேசுகிறான், பரிசுகள் அனுப்புகிறான். அவள் காவல்துறையிடம் செல்கிறாள். அவன் நேரடியாக மிரட்டவில்லை, தீண்டவில்லை. ஆதலால் நடவடிக்கை எடுக்க வழியில்லை என்று கைவிரிக்கின்றனர்.

இங்கே ஒரு புதிய செய்தி புலப்படுகிறது. முன்னைய கதைகளில் பெண்ணை நம்பாதது மனிதரின் குற்றம். இக்கதையில் அவளை நம்பினாலும் உதவமுடியாதபடி நிற்பது சட்டத்தின் குறை. கார்பென்டர் இதனைப் புனைந்து கூறவில்லை. அன்றைய அமெரிக்காவின் மெய்ந்நிலை அதுவே.

சட்டத்தில் இல்லாத குற்றம்

பின்தொடர்ந்து துன்புறுத்துவதைக் குறிக்க ஆங்கிலேயர் ஆளும் ‘ஸ்டாக்கிங்’ என்ற சொல் வேட்டையிலிருந்து வந்தது. மானறியாமல் மெல்ல அடிவைத்து அதனை அணுகும் வேடனின் செயலே அதன் பழம்பொருள். அரபு மொழியில் ‘தரஸ்ஸுத்’ என்றொரு சொல் வழங்குகிறது. பதுங்கிக் காத்திருத்தல் என்பது அதன் பொருள். எகிப்தின் 1937-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதற்கு வரையறையே தந்துள்ளது. ஒருவரைக் கொல்லவோ அடித்துத் துன்புறுத்தவோ கருதி, ஓரிடத்திலோ பல இடங்களிலோ, நெடும்பொழுதோ குறும்பொழுதோ அவரை எதிர்நோக்கிக் கிடத்தல் என்பது அதன் சாரம். ஆயினும் அது கொலை, தாக்குதல் போன்ற குற்றங்களின் தண்டனையைக் கடுமையாக்கும் ஒரு கூறாகவே அங்கு எண்ணப்பட்டது. வெவ்வேறு நாட்டுச் சட்ட வல்லுநர்கள் பதுங்குபவனின் கொடுமையை அறியாதவர்கள் அல்லர். ஆனால் கத்தி பாயும் வரை அச்சத்தைத் தனியொரு குற்றமாக அவர்கள் எண்ணவில்லை.

கத்தி பாய்ந்த நாளும் வந்தது. 1982 மார்ச் 15-இல் தெரஸா சல்டானா என்னும் நடிகையை, ஸ்காட்லாந்திலிருந்து அவரைத் தேடி வந்த ஒருவன் அவர் வீட்டு வாயிலிலேயே பலமுறை குத்தினான். அவ்வழியே தண்ணீர்ப் புட்டிகள் கொண்டுவந்த ஒரு தொழிலாளி பாய்ந்து அவனைப் பிடித்ததால் அவர் உயிர் பிழைத்தார். பின்னர் அவர், தம்மைப் போல் தாக்குண்டோர்க்கென ஓர் அமைப்பை நிறுவினார். 1984-இல் அவர் வரலாறு தொலைக்காட்சிப் படமானபோது தம் வேடத்தைத் தாமே ஏற்று நடித்தார். இருபதாண்டுக் காலம் கற்பனைப் பெண்கள் அலறிய அதே சிறுதிரையில், மெய்யாகவே குத்துண்ட ஒரு பெண் வந்து நின்றார். அப்பெண் தந்த சான்றைப் பித்தென்று தள்ள எவரால் இயலும்?

1989 ஜூலை 18-இல் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகை லாஸ் ஏஞ்சலிஸில் தம் இல்ல வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் நெடுநாள் அவரைத் தொடர்ந்தவன். தனியார் துப்பறிவாளர் ஒருவரின் வழியாக, மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து அவர் முகவரியைப் பெற்றிருந்தான். அடுத்த ஆண்டே கலிபோர்னியா மாநிலம், பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிற்று. 1991 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதற்சட்டம். சில ஆண்டுகளுக்குள் மற்ற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. வாகனப் பதிவேட்டின் விவரங்களைக் காக்க 1994-இலும், மாநில எல்லை கடந்து பின்தொடர்வோரைத் தண்டிக்க 1996-இலும் நடுவணரசுச் சட்டங்கள் பிறந்தன. இங்கிலாந்தில் 1997-இல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. நம் இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுத் திருத்தமே இதனைத் தண்டனைச் சட்டத்தின் 354-டி பிரிவாக்கிற்று. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவாக விளங்குகிறது.

1943-இல் வானொலியில் ஒரு பெண் தொலைபேசி வழியே கெஞ்சினாள். 1990-இல் சட்டமன்றம் செவிசாய்த்தது. இடையில் 47 ஆண்டுகள்!

கதை சொன்னதும் சொல்லாததும்

இப்படங்கள் யாவும் உயர்ந்த கலைப்படைப்புகள் என்று நாம் வாதிடவில்லை. விளம்பரத்திற்கு இடையே காலத்தைப் போக்க எடுக்கப்பட்டவையே பல. அச்சுறும் பெண்ணின் முகத்தையே காட்சிப் பொருளாக்கிக் காசு பார்த்த குற்றமும் அவற்றுக்கு உண்டு. எனினும் ஒரு செய்தியில் அவை உண்மையையே உரைத்தன. 1998-இல் வெளியான அமெரிக்க நாடு தழுவிய ஆய்வொன்று, பெண்களில் நூற்றுக்கு 8 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 2 பேரும் தம் வாழ்நாளில் இக்கொடுமைக்கு ஆளானதாகக் கணக்கிட்டது. அப்பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவரைத் தொடர்ந்தவன் அவர்கள் முன்பே அறிந்தவன். கணவனோ, முன்னாள் கணவனோ, நெருங்கிப் பழகியவனோதான் பெரும்பான்மை. பனிமூட்டத்தில் கேட்ட குரல் கணவனுடையது என்ற கதை வெறும் திடுக்கிடும் திருப்பமன்று. கணக்கெடுப்பும் அதற்குச் சான்று பகர்கிறது.

அவை சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. மேற்சொன்ன எண்ணிக்கையில் அடங்கிய பெண்கள் அனைவரும் சீமாட்டிகள் அல்லர். பேருந்துக்கு நிற்பவளும், ஆலையில் இரவுப் பணி முடித்துத் திரும்புபவளும், வாடகை அறையில் குழந்தையோடு ஒண்டியிருப்பவளும் அதில் அடங்குவர். அவர்களுக்கு மதிலும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சிறுதிரை அவர்களை அக்காலத்தில் அரிதாகவே நினைத்தது.

ஆயினும் சீமாட்டியின் கதைக்குள்ளேயே அவர்களுக்குரிய நியாயமும் பொதிந்து கிடப்பதாக நாம் கருதுகிறோம். லாரா வைனன்ட் பூட்டு வாங்கலாம், காவலாளை வாங்கலாம், மருத்துவரை வரவழைக்கலாம். “நீ சொல்வதை நம்புகிறேன்” என்னும் ஒரு வாக்கை மட்டும் அவரால் விலைக்கு வாங்க முடியவில்லை. அத்தனை செல்வமும் உள்ளவளுக்கே அது கிட்டவில்லையெனில், ஒன்றுமில்லாதவள் காவல் நிலையத்தின் வாயிற்படியில் நின்று, “ஐயா, ஒருவன் என்னைத் தொடர்கிறான்” என்று சொல்லும்போது அவள் நிலை யாதாகும்?

இன்று சட்டம் இருக்கிறது. பிரிவு எண்ணும் இருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் முறையீட்டிலிருந்தே தொடங்குகிறது. அம்முறையீடு முதலில் சென்று சேர்வது நீதிமன்றத்தை அன்று. அவள் தந்தையின் செவியை, தமையனின் செவியை, ஆசிரியரின் செவியை. தொலைபேசி ஏன் அடிக்கடி அடிக்கிறது, மகள் ஏன் வேறு தெருவழியே சுற்றி வருகிறாள் என்று கேட்டு, அவள் சொல்லும் விடையைப் பொறுமையோடு ஏற்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அதுவே முதற்காவல். அந்தக் காவலுக்குச் செல்வம் வேண்டியதில்லை.